காணும் இறைவனின் கண்முன்னே: ஆயர் மரியோன் பிரெசிலாக்



யூபிலி என்றதும் பெயர்களைத் தேடுகிறோம். கோவிலுக்கு அடிக்கல் நாட்டியவர் யார், மணி வாங்கித் தந்தவர் யார் என்று பதிவேடுகளைப் புரட்டுகிறோம். ஆனால் மண் சுமந்தவர்களின் பெயர் கல்வெட்டில் இல்லை. விடியுமுன் கோவிலைப் பெருக்கிவிட்டுக் காட்டு வேலைக்குப் போன தாய்மார்களின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் பட்ட பாடு வீணாயிற்றா? இக்கேள்விக்கு விடை தேடும்போது, நமது கோவை மறைமாவட்டத்தின் முதல் ஆயரே நினைவுக்கு வருகிறார்.

மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் 1813-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் பிரான்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள காஸ்தெல்நோதாரி என்னும் ஊரில் உயர்குடியில் பிறந்தார். 1838-இல் குருப்பட்டம் பெற்று, சொந்த ஊரிலேயே உதவிக் குருவாகப் பணியாற்றினார். ஆயினும் தூர தேசத்து மக்களுக்கு நற்செய்தி சொல்லும் ஆவல் அவரை விடவில்லை. மகனைப் பிரியத் தந்தைக்கு மனம் வரவில்லை. பெற்ற பாசத்துக்கும் அழைத்த ஆண்டவருக்கும் நடுவில் தவித்த அவர், 1841-இல் பாரீஸ் வெளிநாட்டு வேதபோதக சபையில் சேர்ந்தார். மறு ஆண்டே புதுச்சேரிக் கரையில் வந்து இறங்கினார்.

தமிழ் கற்றார். புதுச்சேரிக் குருமடத்தை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. இந்நாட்டுத் திருச்சபையை இந்நாட்டுக் குருக்களும் ஆயர்களுமே நடத்த வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். இன்று நமக்கு இது இயல்பாகத் தோன்றுகிறது. அன்றோ ஐரோப்பியக் குருக்களுள் பலர் இதை ஏற்கத் தயங்கினர்.

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் கருமத்தம்பட்டியில் அவர் ஆயராக அபிஷேகம் செய்யப்பட்டார். அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயதுகூட நிறையவில்லை. கோயமுத்தூருக்கு ரயில் வராத காலம் அது. கொங்குச் சீமையில் சிதறிக் கிடந்த சிறு சிறு கிறிஸ்தவக் குடும்பங்களைத் தேடிச் சென்று மேய்த்தார். இந்நாட்டு இளைஞர்களைக் குருக்களாக உருவாக்கப் பாடுபட்டார்.

ஆனால் ஒரு முள் அவர் நெஞ்சில் தைத்திருந்தது. சாதியை ஒட்டிய வழக்கங்கள் கோவிலுக்குள்ளும் நுழைந்திருந்தன. அவற்றுள் எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதை விலக்க வேண்டும் என்பதில் குருக்களிடையே ஒருமனம் இல்லை. 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்னும் திருத்தந்தை விதித்திருந்த சட்டமும், அதைக் கடைப்பிடிப்பதாக வேதபோதகர்கள் செய்த சத்தியமும் அவருடைய மனச்சாட்சியை அழுத்தின. உரோமையிலிருந்து தெளிவான வழிகாட்டுதலை எதிர்பார்த்தார். மனம் அமைதி அடையவில்லை. மனச்சாட்சிக்கு மாறாக ஆயர் ஆசனத்தில் அமர்ந்திருப்பதைவிட இறங்கிவிடுவதே மேல் என்று துணிந்தார். 1855-இல் அவரது பதவி விலகல் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

நாற்பத்தொரு வயதில் வெறுங்கையோடு ஊர் திரும்பிய ஆயர்! உலகின் கண்ணுக்கு அது தோல்வியே. நட்ட நாற்று வேர் பிடிக்குமுன்னே வயலைவிட்டு வெளியேறிய விவசாயியின் வேதனையை நம் தொண்டாமுத்தூர் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவர் யாரையும் பழிக்கவில்லை, ஜெபத்தில் ஒதுங்கினார். யாருமே எட்டிப் பார்க்காத மக்களிடம் செல்ல வேண்டும் என்று விரும்பி, 1856 டிசம்பர் 8-ஆம் நாள் லியோன் நகரில், ஃபூர்வியேர் மலைமேலுள்ள அன்னையின் கோவிலில், ஆறு தோழர்களோடு ஆப்பிரிக்க வேதபோதக சபையைத் தொடங்கினார்.

1859 மே 14-ஆம் நாள் அவர் சியரா லியோன் நாட்டின் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் இறங்கியபோது அங்கே கொள்ளை நோய் பரவியிருந்தது. ஜூன் மாதத்தில் அவருடைய தோழர்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். ஜூன் 25-ஆம் நாள் அவரும் கண்மூடினார். வந்து முழுதாக ஆறு வாரம், வயது நாற்பத்தைந்து. இந்தியாவில் முடியாமல் போன பணி, ஆப்பிரிக்காவில் தொடங்கவே முடியாத பணி. அந்தக் கல்லறையைப் பார்த்தவர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்றே எண்ணியிருப்பார்கள்.

கொடுமை தாங்காமல் பாலைவனத்துக்கு ஓடிப்போன ஆகார் என்னும் அடிமைப் பெண், தன்னைக் கண்ட இறைவனுக்குக் காண்கிறவர் என்றே பெயரிட்டாள் என ஆதியாகமம் சொல்கிறது. மனிதர் காணாததை அவர் காண்கிறார். குற்றம் பிடிக்க ஒளிந்து பார்க்கும் கண் அல்ல அது. தொட்டில் அருகே விழித்திருக்கும் தாயின் கண். ஆயர் பிரெசிலாக்கின் மனப்போராட்டத்தை அக்கண் அறிந்திருந்தது.

லியோனில் எஞ்சியிருந்த பிளாங்க் அடிகளார் சபையைக் கலைக்க மறுத்தார். 1861-இல் அச்சபையின் குருக்கள் தகோமே நாட்டில் கால் வைத்தனர். இன்று ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் அச்சபை பணியாற்றுகிறது. அவர் மனம் நொந்து பிரிந்த இதே இந்திய மண்ணிலிருந்தும் இளைஞர்கள் அச்சபையில் சேர்ந்து அங்கே செல்கின்றனர். உள்நாட்டுக் குருக்கள் வேண்டும் என்ற அவரது கனவோ நம் பீடத்தில் நாள்தோறும் நனவாகிறது. 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். அவர் இறந்து 161 ஆண்டுகளுக்குப் பின்!

பிரியமானவர்களே, நமக்குள்ளும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. படுக்கையிலிருக்கும் மாமியாருக்குப் பணிவிடை செய்யும் மருமகள், கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைத்து வட்டிக்காகத் தூக்கமின்றி உழைக்கும் தகப்பன், பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போய்விடத் தனியே செபமாலை உருட்டும் மூதாட்டி. யார் பார்க்கிறார்கள் என்று ஏங்க வேண்டாம். வெள்ளியங்கிரி மலையில் பெய்யும் மழை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நொய்யலில் தண்ணீர் வரும்போதே தெரிகிறது. இறைவனோ மழையையும் காண்கிறார்.

ஆகவே இந்த யூபிலி நாளில், கல்வெட்டில் இடம்பெறாத நம் முன்னோருக்காக ஒரு செபம் சொல்வோம். சாதியின் பெயரால் எவரையும் தள்ளி நிறுத்தாத பங்காக வாழ்வோம். அதுவே நம் முதல் ஆயருக்கு நாம் செலுத்தும் உண்மையான காணிக்கை. நம்மைக் காணும் இறைவன் உங்கள் குடும்பங்களை நிறைவாக ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் பங்குத்தந்தை