குச்சிக்கிழங்கை உணவாக்கிய மன்னர்

நம் எடப்பாடிப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்றால் சிறு குழந்தைக்கும் தெரியும். பாடநூலில் மரவள்ளி என்றும், கன்னியாகுமரிப் பக்கம் மரச்சீனி என்றும் வழங்கும் இக்கிழங்கு நம் நாட்டில் தோன்றியதன்று. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துகீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்தது. வந்தும் பலகாலம் பெரிதாகப் பரவாத இதனை ஏழைகளின் உணவாக்கிய பெருமை திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் இராமவர்மாவைச் சாரும்.

அவர் 1837ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் பிறந்தார். இளமையில் உடல்நலம் குன்றியிருந்தும் கல்வியில் பின்தங்கவில்லை. ஆங்கிலத்தில் புலமை பெற்றுப் பத்திரிகைகளுக்குக் கட்டுரைகள் எழுதினார். தாவர இயலிலும் வேளாண்மையிலும் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. தமையனார் ஆயில்யம் திருநாளுக்குப் பின், 1880இல் அரியணை ஏறினார்.

அதற்குச் சற்று முன்புதான், 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. நம் சேலம் ஜில்லாவும் பெருந்துயர் அடைந்தது. தானியம் ஒன்றையே நம்பியிருக்கும் நாட்டில் மழை பொய்த்தால் முதலில் வாடுவோர் குழந்தைகளே அல்லவா?

நெல் விளையாத மேட்டு நிலத்திலும் மரவள்ளி வளரும். ஒரு குச்சியை நட்டால் போதும், வறட்சியையும் தாங்கும். மன்னர் இப்பயிரைக் குடிமக்களிடையே பரப்ப முனைந்தார். ஆனால் பழகாத பயிரை உழவர் எளிதில் ஏற்பார்களா? கிழங்கில் நஞ்சு உண்டென்ற அச்சமும் இருந்தது. அது வீண் அச்சமன்று; சரியாகச் சமைக்காவிட்டால் தீங்கு விளையும். ஆகவே தோலை நீக்கி, நன்றாக வேகவைத்து, நீரை வடித்து உண்ணும் முறையை மன்னர் மக்களுக்கு அறிவிக்கச் செய்தார் என்றும், அரண்மனை உணவிலும் அதைச் சேர்த்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஊருக்கு உபதேசம் செய்வதோடு நில்லாமல் தாமே உண்டு காட்டியதே அவரது சிறப்பு.

ஐந்தே ஆண்டுகள் ஆண்டு, 1885 ஆகஸ்டு 4ஆம் நாள் அவர் காலமானார். அவர் பரப்பிய பயிரோ நிலைத்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது, திருவிதாங்கூரின் ஏழைக் குடும்பங்கள் பல கிழங்கை உண்டே உயிர் தரித்தன. அதே போர்க்காலத்தில், 1943இல், சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் 1963இல் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம், தான் உருவாக்கிய ஓர் இரகத்துக்கு ஸ்ரீ விசாகம் என அம்மன்னரின் பெயரையே சூட்டியது.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. கிழங்கில் மாவுச்சத்து மிகுதி. புரதமோ மிகக் குறைவு. கேரளத்தார் அதை மீனோடு உண்பதன் பொருள் இதுவே. கிழங்கை மட்டும் தின்னும் குழந்தைக்குப் பசி அடங்கும், உடல் தேறாது. பயறும் கீரையும் நிலக்கடலையும் உடன் வேண்டும்.

நம் வயல்களில் விளையும் கிழங்கில் பெரும்பகுதி ஆலைக்குச் செல்கிறது. அதனால் நம் வீடுகளுக்கு வருவாய் வருகிறது, அது நன்றே. ஆயினும் வரப்போரம் இரண்டு பாத்தி தட்டைப்பயறும், வேலியில் ஒரு முருங்கையும் வளர்த்து, அவற்றைத் தம்பி தங்கையரின் தட்டில் சேர்ப்போமாக. மன்னர் செய்ததைப் போல முதலில் நாமே உண்டு காட்டுவோம். பிறகு அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்வோம்.