பாதிரியார் ஹட்சிங்ஸ்

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் வந்திறங்கிய பிறகு, ஜார்ஜ்டவுன் விரைவாக வளர்ந்தது. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து தமிழ் வணிகர்களும் உழைப்பாளிகளும் வந்தனர். சீனர்களும் கெடா, சுமத்ரா பகுதிகளின் மலாய்க்காரர்களும் வந்து குடியேறினர். முப்பது ஆண்டுகளில் பள்ளிவாசல்களும் கோவில்களும் தேவாலயங்களும் எழுந்தன. ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளுக்குத் தன்னால் இயன்றதைக் கற்பித்தது. கற்க வழியின்றி தெருவிலும் துறைமுகத்திலும் சுற்றித் திரிந்த பிள்ளைகளும் பலர் இருந்தனர். எல்லா இனத்தவரும் ஒரே கூரையின் கீழ் படிக்கும் பள்ளி ஒன்று அந்நகரில் இல்லை.

இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ். இவர் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தைச் சேர்ந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியாராகப் பினாங்குக்கு வந்தவர். தேவாலய வழிபாட்டை நடத்துவதும், அங்குள்ள ஆங்கிலேயர்களின் திருமணம், அடக்கம் முதலிய சடங்குகளைச் செய்து வைப்பதுமே அவருக்குரிய பணி. அத்துடன் அவர் நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், 1816ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொதுப்பள்ளி ஒன்றை அமைக்கும் திட்டத்தை அவர் அரசின் முன் வைத்தார். அரசு அதனை ஏற்றது. அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் ‘பினாங்கு பிரீ ஸ்கூல்’ பிறந்தது. லவ் லேனில் இருந்த ஒரு வாடகை வீடே அதன் முதல் வகுப்பறை.

‘பிரீ’ என்ற சொல்லைக் கேட்டதும் இலவசப் பள்ளி என்றே பலர் எண்ணுவர். அது முழு உண்மையன்று. வசதியுள்ள பெற்றோர் கட்டணம் செலுத்தினர்; ஏழைகளும் அனாதைகளும் கட்டணமின்றிப் படித்தனர். இனமும் சமயமும் பாராமல் யாருக்கும் கதவு திறந்திருக்கும் என்பதே அப்பெயரின் பொருள்.

இதைச் சொல்வது எளிது. பெற்றோரை நம்ப வைப்பது எளிதன்று. பள்ளியை நடத்துபவரோ ஒரு பாதிரியார். அங்கே அனுப்பினால் பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்களோ என்று ஓர் இந்துத் தாயும் ஓர் இஸ்லாமியத் தந்தையும் அஞ்சுவது இயல்பே. ஹட்சிங்ஸ் இதை உணர்ந்திருந்தார். கிறித்துவ சமயத்தை விரும்பாத பெற்றோரின் உணர்வைப் புண்படுத்தக் கூடாது என்பதைத் திட்டத்திலேயே சேர்த்திருந்தார். சமயத்தைப் பரப்புவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இவ்வாறு தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டது அக்காலத்தில் அரிது.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. அப்பள்ளியில் ஆங்கிலத்தோடு தமிழ் வகுப்பும் தொடங்கப்பட்டது. அந்நாளில் சூலியா என அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் நகரில் பெருமளவில் வாழ்ந்தனர். ஒரு சாலை இன்றும் அவர்கள் பெயரைத் தாங்கியுள்ளது. இருந்தும் அத்தமிழ் வகுப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. போதிய மாணவர்கள் சேரவில்லை. ஆங்கிலம் அறிந்தால்தான் கம்பெனி அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைக்கும் என்ற நிலையில், பெற்றோர் தமிழைத் தேர்ந்தெடுக்கத் தயங்கியிருக்கலாம். தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் பெருகுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆயினும், மலேசியத் தமிழ்க்கல்வியின் வயது அந்தச் சிறு வகுப்பிலிருந்தே கணக்கிடப்படுகிறது. 2016ஆம் ஆண்டில் நாம் அதன் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம்.

ஹட்சிங்ஸ் பிறமொழிகளை மதித்தவர். மலாய் மொழியை ஆழ்ந்து கற்று, டச்சுக்காரர் காலத்து மலாய் விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்தினார். லெபு பார்குவாரில் உள்ள செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எழவும் அவரே தூண்டுகோலாக இருந்தார். அதைக் கட்டிய கைகள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளுடையவை. அவர்களின் பெயர்களை யாரும் கல்லில் பொறித்து வைக்கவில்லை.

பள்ளி பின்னர் அந்தத் தேவாலயத்தின் அருகிலேயே இடம் பெற்றது. அதன் வளர்ச்சியை நெடுங்காலம் காண ஹட்சிங்ஸுக்குக் கொடுத்து வைக்கவில்லை. மலேரியாக் காய்ச்சல் அவரைத் தாக்கியது. 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், ஐம்பது வயதைக்கூட எட்டாத நிலையில் அவர் காலமானார். பிரான்சிஸ் லைட் துயிலும் அதே பழைய கல்லறைத் தோட்டத்தில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

பள்ளி நிலைத்தது. பிளேக் நோயை எதிர்த்துப் போராடிய மருத்துவர் வூ லியென் தே, நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், கலைஞர் பி. ரம்லி ஆகியோர் அங்குப் பயின்றவர்கள். 1928இல் பள்ளி கிரீன் லேனுக்கு மாறியது. பழைய கட்டடம் பின்னாளில் மாநில அருங்காட்சியகமானது. அதன் அருகில், ஹட்சிங்ஸ் பெயரைக் கொண்ட தொடக்கப்பள்ளியில் இன்றும் பிள்ளைகள் படிக்கின்றனர்.