கதருக்குத் தரச்சான்று கண்ட காந்தியடிகள்: மந்திர் மார்க் நினைவூட்டும் வாழ்க்கை வரலாறு

புதுதில்லி: தலைநகரின் மந்திர் மார்க் பகுதிக்கு வருவோரில் பெரும்பாலானோர் பிர்லா மந்திர் என்றழைக்கப்படும் லட்சுமி நாராயணர் கோயிலைத் தரிசித்துவிட்டுத் திரும்புகின்றனர். அனைத்துச் சாதியினருக்கும் நுழைவு உண்டு என்ற நிபந்தனையின் பேரில், 1939-ஆம் ஆண்டு அக்கோயிலைத் திறந்து வைத்தவர் மகாத்மா காந்தி. ரீடிங் ரோடு என்று அப்போது வழங்கப்பட்ட இதே சாலையில், துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பை ஒட்டிய வால்மீகி கோயில் வளாகத்தில், 1946 ஏப்ரல் முதல் 1947 ஜூன் வரையிலான காலத்தில் 214 நாள்கள் அவர் தங்கியிருந்தார். அவர் வாழ்ந்த சிறு அறை இன்றும் பேணப்பட்டு வருகிறது.

விடுதலைப் போராட்டத் தலைவராகவும் அகிம்சையின் தூதராகவும் உலகம் போற்றும் காந்தியடிகளுக்கு, அதிகம் பேசப்படாத இன்னொரு முகமும் உண்டு. ஒரு பொருளின் தரத்திற்கு அளவுகோல் வகுத்து, அதைச் சோதித்து, விதிகளைக் கடைப்பிடிப்போருக்கு மட்டுமே சான்று வழங்கும் ஏற்பாட்டை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்திய இயக்கத்தின் தலைவர் அவர். தர மேலாண்மைச் சான்றிதழை நாடும் இன்றைய நிறுவனங்களுக்கு அந்த அனுபவம் சிறந்த பாடமாக அமைகிறது.

கணக்கில் தொடங்கிய ஒழுங்கு

1869 அக்டோபர் 2-ஆம் தேதி குஜராத்தின் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, லண்டனில் சட்டம் பயின்ற நாள்களிலேயே தமது அன்றாடச் செலவு முழுவதையும் எழுதி வைக்கும் பழக்கத்தை மேற்கொண்டார். 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற அவர், மறு ஆண்டே நேட்டால் இந்திய காங்கிரஸைத் தொடங்கி அதன் செயலாளரானார். சந்தாவாகப் பெறப்பட்ட ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தரப்பட வேண்டும் என்பதிலும், கணக்குகள் பிழையின்றி இருக்க வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். பொதுப்பணத்தைக் கையாளும் அமைப்பில் கணக்கு தெளிவாக இல்லையெனில் உண்மைக்கே இடமில்லாமல் போகும் என்பது அவரது நம்பிக்கை.

எதையும் எழுத்தில் பதிவு செய்தல், பதிவை யாரும் சரிபார்க்க இயலுமாறு வைத்திருத்தல் ஆகிய இவ்விரண்டும் தர மேலாண்மைக்கு இன்றும் அடிப்படையாக உள்ளன.

நூலுக்கு வந்த சோதனை

1915-இல் தாயகம் திரும்பிய காந்தியடிகள், அகமதாபாத்தில் ஆசிரமம் நிறுவினார். முதலில் ஆசிரமத்தார் ஆலை நூலைக் கொண்டே நெய்தனர். பின்னர் கங்காபென் மஜும்தார் என்ற பெண்மணி பரோடா சமஸ்தானத்தின் விஜாப்பூரில் கைராட்டையைக் கண்டறிந்து தெரிவித்ததை அடுத்து, கையால் நூற்ற நூலுக்கு அவர்கள் மாறினர். மகன்லால் காந்தி ராட்டையைச் செம்மைப்படுத்தி, பஞ்சு கொட்டுதல் முதல் நெசவு வரை ஒவ்வொரு படியையும் முறையாகக் கற்பிக்கும் ஏற்பாட்டைச் செய்தார்.

1921 செப்டம்பரில் மதுரையில் அரையாடைக்கு மாறிய காந்தியடிகள், கதரை நாட்டின் ஏழைகளுடைய வாழ்வாதாரமாகக் கருதினார். எனினும், ஏழை நூற்றது என்பதற்காகவே மட்டமான நூலை ஏற்க அவர் இசையவில்லை. 1924 டிசம்பரில் அவர் தலைமையேற்ற பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர்கள் மாதந்தோறும் 2,000 கெஜம் நூல் அளிக்க வேண்டும் என வகுத்த விதியில், நூல் சீராக நூற்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அடங்கியிருந்தது. நூலின் மென்மை, சீர்மை, வலிமை ஆகியவை சோதிக்கப்பட்டன. எளிதில் அறுந்து போகும் நூல் நெசவாளரின் உழைப்பை வீணாக்கும் என்பதே இதற்குக் காரணம். ஒரு படியில் நேரும் குறை அடுத்த படியில் உள்ளவரைப் பாதிக்கும் என்ற இந்தப் புரிதல், தர மேலாண்மையின் சாரமாகும்.

சான்று பெற்ற கதர்

1925 செப்டம்பரில் பாட்னாவில் அகில இந்திய சர்க்கா சங்கம் உருவானது. காந்தியடிகள் அதன் தலைவரானார். தமிழகத்தில் திருப்பூர் அதன் முக்கிய மையமாக விளங்கியது. அதே ஆண்டில் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமமும் கதர்ப் பணியில் ஈடுபட்டது.

கதருக்கு மதிப்பு கூடியதும் போலிகள் பெருகின. ஆலைத் துணியே கதர் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. துணியைத் தொட்டுப் பார்த்து வேறுபாட்டை அறிவது வாங்குபவருக்கு எளிதன்று. எனவே, சங்கத்தின் விதிகளை ஏற்று நடக்கும் உற்பத்தியாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் சான்று வழங்கப்பட்டது. சான்று பெற்ற கடைகளிலேயே கதர் வாங்குமாறு மக்கள் கேட்டுக் கொள்ளப்பட்டனர். கையால் நூற்றுக் கையால் நெய்த இந்தியப் பருத்தித் துணிக்கே கதர் என்ற பெயர் உரியது என்பதைக் காக்க 1934-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

கூலியும் தரத்தின் பகுதியே

இந்தச் சான்றுமுறைக்குக் கடுமையான சோதனை 1935-இல் வந்தது. நூற்கும் பெண்களுக்குக் கிடைத்த கூலி மிகச் சொற்பம் என்பதை உணர்ந்த காந்தியடிகள், எட்டு மணி நேர வேலைக்கு எட்டணா தர வேண்டும் என விரும்பினார். அவ்வாறு உயர்த்தினால் கதர் விலை ஏறி விற்பனை சரியும் எனச் சகாக்கள் பலர் அஞ்சினர். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. இறுதியில், பிழைப்புக்குப் போதுமான குறைந்தபட்சக் கூலி என்ற கொள்கையைச் சங்கம் ஏற்றது. எட்டணா எட்டப்படாவிடினும், கூலி உயர்த்தப்பட்டது.

இதன் விளைவாக, குறைந்த கூலி கொடுத்துத் துணியை மலிவாக விற்கும் வியாபாரிகள் சான்றின்றிக் களமிறங்கினர். அவர்களது துணியும் கையால் நூற்று நெய்ததே. ஆயினும், நூற்றவரின் வயிற்றில் அடித்து உருவான துணி, சான்றுக்கு உரிய கதர் ஆகாது என்பதில் காந்தியடிகள் பின்வாங்கவில்லை. விற்பனை குறைந்தாலும் பரவாயில்லை என்ற துணிவே அச்சான்றுக்கு மதிப்பைத் தந்தது.

தம் அமைப்பையே மறு ஆய்வு செய்தவர்

1944-இல் சிறையிலிருந்து விடுதலையான காந்தியடிகள், சர்க்கா சங்கத்தின் பணியையே கேள்விக்கு உட்படுத்தினார். கிராமத்தில் நூற்று நகரத்தில் விற்பதோடு கதர் நின்றுவிட்டது என்றும், கிராமங்கள் தற்சார்பு அடையவில்லை என்றும் அவர் கருதினார். இருபது ஆண்டுகளாகத் தாமே வளர்த்த அமைப்பின் குறையைத் தாமே எடுத்துக் கூறி, அணிபவரே நூற்க வேண்டும் என்ற புதிய திசையை வகுத்தார்.

அவர் மந்திர் மார்க்கில் தங்கியிருந்த காலகட்டத்தில் தரம் குறித்த உலகளாவிய முயற்சிகளும் உருப்பெற்றன. 1946 அக்டோபரில் லண்டனில் கூடிய 25 நாடுகளின் பிரதிநிதிகள் எடுத்த முடிவின்படி, ஐஎஸ்ஓ எனப்படும் சர்வதேச தர நிர்ணய அமைப்பு 1947 பிப்ரவரி 23-இல் செயல்படத் தொடங்கியது. இந்திய தர நிர்ணய நிறுவனம் அதற்கு முன்பே, 1947 ஜனவரி 6-இல் தோன்றியது. அந்நாள்களில் காந்தியடிகள் வகுப்புக் கலவரத்தால் சிதைந்த நவகாளியின் கிராமங்களில் இருந்தார். 1948 ஜனவரி 30-ஆம் தேதி தில்லி பிர்லா இல்லத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்திய தர நிர்ணய நிறுவனம் 1951-இல் வெளியிட்ட முதலாம் எண் தரநிலை, கதரால் நெய்யப்படும் தேசியக் கொடிக்கானது. கொடித் துணிக்கு இயந்திர நெசவையும் பாலியஸ்டரையும் அனுமதித்து 2021 டிசம்பரில் கொடி விதிகள் திருத்தப்பட்டன.

இன்றைய நிறுவனங்களுக்கு

1987-இல் ஐஎஸ்ஓ 9000 வரிசைத் தரநிலைகள் வெளியாயின. அதே ஆண்டு ஏப்ரலில் இந்திய தர நிர்ணய அமைவனமும் சட்டப்பூர்வ அமைப்பாகச் செயல்படத் தொடங்கியது. ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் பொருளின் தரத்துக்கு அளிக்கப்படும் முத்திரை அன்று. வாடிக்கையாளரின் தேவையை அறிந்து, திட்டமிட்டு, செய்து, சரிபார்த்து, திருத்திக்கொள்ளும் முறை ஒரு நிறுவனத்தில் உயிரோடு இருக்கிறது என்பதற்கான சான்று அது.

இச்சான்றிதழை ஐஎஸ்ஓ அமைப்பு நேரடியாக வழங்குவதில்லை. சான்றளிக்கும் தனி அமைப்புகளே தணிக்கை செய்து வழங்குகின்றன. எனவே, அங்கீகாரம் பெற்ற அமைப்பையே நாட வேண்டும். நிறுவனம் முதலில் தனது நடைமுறைகளை எழுத்தில் வகுத்து, உள்தணிக்கையும் நிர்வாக மறு ஆய்வும் நடத்தி முடிக்க வேண்டும். அதன்பின் இரு கட்டங்களாக வெளித்தணிக்கை நடைபெறும். சான்றிதழ் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. தணிக்கை இன்றிப் பணத்துக்கு விற்கப்படும் சான்றிதழ் வெறும் காகிதமே.

ஊழியரின் கூலியை ஐஎஸ்ஓ 9001 அளவிடுவதில்லை. காந்தியடிகளின் சான்று அதையும் அளந்தது. சான்றிதழைச் சுவரில் மாட்டும் ஒவ்வொரு நிறுவனமும், அதற்காக எந்த இழப்பை ஏற்கத் தயாராக உள்ளது என்ற கேள்வியை மந்திர் மார்க்கின் அந்தச் சிறு அறை இன்றும் எழுப்பிக் கொண்டிருக்கிறது.