பேதை வேடத்தில் ஒரு பேரறிவு: ஜூடி ஹொலிடே

1952 ஆம் ஆண்டு மார்ச் 26 ஆம் திகதி, அமெரிக்க செனட் சபையின் உள்நாட்டுப் பாதுகாப்பு உபகுழுவின் முன்னிலையில் முப்பது வயதான நடிகை ஒருவர் சாட்சியமளிக்க அமர்ந்தார். அதற்கு ஓராண்டுக்கு முன்னர்தான் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருது அவருக்குக் கிடைத்திருந்தது. மூடிய அறையில் நடைபெற்ற அந்த விசாரணையில் செனட்டர்கள் அவரிடமிருந்து எதிர்பார்த்தது பெயர்களையே. நண்பர்களில் யார் யார் கம்யூனிஸ்டுகள் என்பதை அவர் கூற வேண்டும். அந்நாட்களில் அவ்வாறு கூறியவர்கள் தமது தொழிலைக் காப்பாற்றிக்கொண்டனர். மறுத்தவர்களில் பலர் அதனை இழந்தனர்.

அந்த நடிகை ஜூடி ஹொலிடே. ஹொலிவூட்டின் பொற்காலம் கண்ட மிகச் சிறந்த நகைச்சுவை நடிகைகளுள் ஒருவர்.

1921 ஜூன் 21 இல் நியூயோர்க் நகரில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூத வம்சாவளிக் குடும்பத்தில் ஜூடித் டூவிம் என்ற பெயருடன் அவர் பிறந்தார். டூவிம் என்பது ஹீப்ரு மொழியில் பண்டிகை நாட்களைக் குறிக்கும் தொடரோடு தொடர்புடையது. அதன் ஆங்கில வடிவமே பின்னாளில் ஹொலிடே ஆயிற்று. ஓர்சன் வெல்ஸின் மெர்க்குரி நாடக அரங்கில் தொலைபேசி இயக்குநராக வேலை பார்த்த அவர், 1938 அளவில் பெட்டி கொம்டன், அடொல்ப் கிரீன் ஆகிய இளைஞர்களுடன் இணைந்து நியூயோர்க்கின் இரவு விடுதிகளில் அங்கத நிகழ்ச்சிகளை நடத்தினார். இந்த நட்பே அவரது வாழ்வில் இறுதிவரை நின்றது.

1946 இல் கார்சன் கேனின் எழுதிய 'போர்ன் யெஸ்டர்டே' நாடகத்தின் கதாநாயகி ஜீன் ஆர்தர் இடைநடுவே விலகியபோது, சில நாட்களுக்குள் வசனங்களை மனனஞ்செய்து அப்பாத்திரத்தை ஏற்றார் ஜூடி. புரோட்வே அரங்கில் அது மாபெரும் வெற்றி பெற்றது. எனினும் அதன் திரைப்பட உரிமையைப் பெற்ற கொலம்பியா நிறுவனத் தலைவர் ஹரி கோன், அவர் திரைக்குப் பொருத்தமற்றவர் எனக் கருதினார். அவரது மனதை மாற்றுவதற்கு நண்பர்கள் ஓர் உபாயம் செய்தனர். கேனினும் அவரது மனைவி ரூத் கோர்டனும் எழுதி, ஜோர்ஜ் குக்கோர் இயக்கிய 'அடம்ஸ் ரிப்' என்ற 1949 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், கணவனைச் சுட்ட மனைவியின் பாத்திரம் ஜூடிக்கு அளிக்கப்பட்டது. அப்படத்தின் நாயகி கதரின் ஹெப்பர்ன் தாமே முன்நின்று அவருக்கு இடமளித்தார். கோன் இணங்கினார். 1950 இல் வெளியான 'போர்ன் யெஸ்டர்டே' திரைப்படம், பெட்டி டேவிஸ், குளோரியா சுவான்சன் ஆகிய பெரும் நடிகைகளையும் முந்தி அவருக்கு ஒஸ்காரைப் பெற்றுக்கொடுத்தது.

அப்படத்தின் கதை வெறும் வேடிக்கை அன்று. பழைய இரும்பு வியாபாரத்தில் செல்வந்தரான ஒருவர், காங்கிரஸ் உறுப்பினரை விலைக்கு வாங்குவதற்காக வோஷிங்டன் வருகிறார். உடன் அழைத்துவந்த காதலி பில்லி டோன், நாகரிகம் அறியாதவள் எனக் கருதி அவளுக்குக் கற்பிக்க ஒரு பத்திரிகையாளரை அமர்த்துகிறார். அவளோ வாசிக்கக் கற்றதும் கேள்வி கேட்கத் தொடங்குகிறாள். இதுவரை கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிட்ட பத்திரங்களில் இனி கையொப்பமிட மறுக்கிறாள். பேதை எனப்பட்டவளே அங்கு அறிவுடையவளாகிறாள். கீச்சுக்குரலும் வெகுளிப் பார்வையும் கொண்ட அப்பாத்திரத்துக்குள் மறைந்திருந்தவர், நுண்ணறிவுச் சோதனையில் 172 புள்ளிகள் பெற்றவர் எனக் கூறப்படும் ஒரு பெண்மணி.

வெற்றியுடன் சோதனையும் வந்தது. 1950 ஜூனில் வெளியான 'ரெட் சனல்ஸ்' எனும் பிரசுரம், வானொலி, தொலைக்காட்சித் துறைகளைச் சேர்ந்த 151 பேரைக் கம்யூனிசச் சார்புடையோர் எனப் பட்டியலிட்டது. அதில் ஜூடியின் பெயரும் இருந்தது. அவர் கட்சி உறுப்பினர் என்பதற்கு எவ்வித ஆதாரமும் கிடைக்கவில்லை. ஒரு கூட்டத்துக்கு ஆதரவளித்ததும், ஒரு மனுவில் கையொப்பமிட்டதும், ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பியதுமே அக்காலத்தில் ஒருவரைச் சந்தேகிக்கப் போதுமானவையாக இருந்தன.

உபகுழுவின் முன் அவர் கையாண்ட ஆயுதம் தமது திரைப் பாத்திரமே. கேள்விகளுக்குச் சுற்றி வளைத்து விடையளித்தார், நினைவில்லை என்றார், தாம் என்னதான் செய்துவிட்டோம் என அறிய ஆள் வைத்துத் தம்மையே விசாரித்ததாகவும் கூறினார். பில்லி டோனே சாட்சிக் கூண்டில் நிற்பது போலிருந்தது. ஆனால் பழைய நண்பர்களான கொம்டன், கிரீன் பற்றிக் கேட்கப்பட்டபோது, அவர்கள் மீது தமக்கு முழு நம்பிக்கை உண்டு என்பதில் மட்டும் அவர் தடுமாறவில்லை. எந்த ஒரு பெயரையும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

இது முழு வெற்றி என்று கூறுவதற்கில்லை. தாம் ஏமாற்றப்பட்டுவிட்டதாக அவர் அவ்விடத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சினிமாவில் வாய்ப்புகள் தொடர்ந்தபோதிலும், வானொலியும் தொலைக்காட்சியும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவருக்குக் கதவை மூடின. தமது அறிவை மறைத்தே தமது மானத்தைக் காக்க வேண்டியிருந்தது என்பது அம்மேதைக்கு நேர்ந்த அவலமாகும்.

அதன் பின்னரும் அவர் சிரிக்க வைத்தார். 1954 இல் ஜாக் லெமன் முதன்முதலாக முக்கிய வேடமேற்ற 'இட் ஷுட் ஹப்பன் டு யூ', 1956 இல் 'த சொலிட் கோல்ட் கடிலாக்' ஆகியன குறிப்பிடத்தக்கவை. அதே 1956 இல், அவர் காட்டிக்கொடுக்க மறுத்த அந்த இரு நண்பர்களும் அவருக்கென்றே 'பெல்ஸ் ஆர் ரிங்கிங்' எனும் இசை நாடகத்தை எழுதினர். தொலைபேசிச் செய்திச் சேவையில் பணிபுரியும் ஒரு பெண்ணின் கதை அது. தொலைபேசி இயக்குநராக வாழ்வைத் தொடங்கியவருக்கு அந்த வேடம் டோனி விருதைத் தேடித்தந்தது. 1960 இல் வெளிவந்த அதன் திரை வடிவமே அவரது இறுதிப் படமும் ஆயிற்று. மார்பகப் புற்றுநோய்க்கு உள்ளான அவர் 1965 ஜூன் 7 இல், தமது 43 ஆவது வயதில் காலமானார்.

'போர்ன் யெஸ்டர்டே' 2012 இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்கப்பட வேண்டிய படைப்பாகச் சேர்க்கப்பட்டது. அவரை விசாரித்த செனட்டர்களின் பெயர்களை இன்று வரலாற்று மாணவர் சிலரே அறிவர். சந்தேகம் ஒரு நாட்டை ஆளும்போது, ஒருவரது திறமையைப் போலவே அவரது நட்பும் பரீட்சிக்கப்படுகிறது. ஜூடி ஹொலிடே விட்டுச்சென்ற சொத்தில் அவர் பேசி நடித்த வசனங்களுக்கு எவ்வளவு மதிப்புண்டோ, அவர் சொல்லாமல் விட்ட பெயர்களுக்கும் அவ்வளவு மதிப்புண்டு.