'காதலிக்க நேரமில்லை' விஸ்வநாதன்... 28 வருஷம் வில்லனா மிரட்டினவர்! யார் இந்த டி.எஸ்.பாலையா?

ரீல்ஸ் பார்க்கிறவங்களுக்கு இந்த முகம் நிச்சயம் தெரியும். பட்டு ஜிப்பா, கழுத்தை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு, கண்ணை உருட்டி உருட்டி பேய்க்கதை கேட்கும் ஒரு பெரியவர். பக்கத்துல நாகேஷ் கதவு திறக்குற சத்தம், காத்து அடிக்குற சத்தம்னு வாயாலேயே எல்லாத்தையும் போட்டுக்கிட்டு இருப்பார். மீம் போடுறவங்க நாகேஷ் பேரைச் சொல்லிடுவாங்க. ஆனா அந்தப் பெரியவர் யாருன்னு கமெண்ட்ல கேள்வி வந்துக்கிட்டே இருக்கும்.

அவர்தான் டி.எஸ்.பாலையா. படம், 1964 பிப்ரவரியில் வெளியான 'காதலிக்க நேரமில்லை'.

இந்தப் படத்தின் டீமைப் பார்த்தாலே ஆச்சரியமா இருக்கும். இயக்குநர் ஸ்ரீதருக்கு அப்போது வயது 30 தான். 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று தியேட்டரில் கண்ணீர் வரவழைத்தவர், முழு நீளக் காமெடி எடுக்கக் கிளம்பினார். கதை வசனத்தில் அவருடன் சித்ராலயா கோபு. ஹீரோ ரவிச்சந்திரன் மலேசியாவில் பிறந்தவர், இதுதான் முதல் படம். காஞ்சனா அதுவரை விமானப் பணிப்பெண். முத்துராமன் நாடக மேடையில் இருந்து வந்தவர். தாராபுரத்துக்காரரான நாகேஷ், ரயில்வேயில் கிளார்க் வேலை பார்த்தவர். சச்சு குழந்தை நட்சத்திரமாக இருந்து ஹீரோயினாகி, பிறகு காமெடிக்கு வந்தவர்.

இத்தனை இளசுகளுக்கு நடுவில் சினிமா அனுபவத்தில் மூத்தவர் பாலையா. பொள்ளாச்சி ஆழியாறு பக்கம் ஷூட்டிங் நடந்தபோது, அவர் சினிமாவுக்கு வந்து கிட்டத்தட்ட 28 வருஷம் ஆகியிருந்தது. அதில் பெரும்பகுதி அவர் செய்தது வில்லத்தனம்!

முதல் படமே வில்லன்

தூத்துக்குடி பக்கம் சுண்டங்கோட்டையில் 1914 ஆகஸ்ட் 23-ம் தேதி பிறந்தவர் பாலையா. இளம் வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போய்விட்டார். அந்தக் காலத்து நாடக மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வசனம் கேட்கணும். பாலையாவின் அந்தக் கனத்த குரலும், ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திச் சொல்லும் பழக்கமும் மேடை கொடுத்தவைதான்.

1936-ல் 'சதிலீலாவதி' வந்தது. எஸ்.எஸ்.வாசன் எழுதிய நாவல், அமெரிக்காவில் இருந்து வந்த எல்லிஸ் ஆர்.டங்கனின் முதல் படம். எம்.கே.ராதா ஹீரோ. போலீஸ் அதிகாரியாக ஒரு சின்ன வேடத்தில் வந்தவர் எம்.ஜி.ஆர். காமெடியில் என்.எஸ்.கிருஷ்ணன். ஹீரோவைக் கெடுத்து நாசமாக்கும் நண்பன் வேடம் பாலையாவுக்கு. எம்.ஜி.ஆருக்கும் பாலையாவுக்கும் முதல் படம் ஒண்ணுதான். ஆனா அன்னைக்குப் பெரிய வேடம் கிடைச்சது பாலையாவுக்குத்தான் என்பது இன்றைக்குப் பலருக்கும் தெரியாத விஷயம்.

அடுத்த வருஷமே 'அம்பிகாபதி'. தியாகராஜ பாகவதருக்கு எதிராக ருத்ரசேனன் என்ற தளபதியாக வந்தார். 1948-ல் வந்த 'மோகினி'யில் எம்.ஜி.ஆரோடு சேர்ந்து முக்கிய வேடம். 1949-ல் அண்ணா எழுதிய 'வேலைக்காரி'யில் கே.ஆர்.ராமசாமியின் நண்பன் மணி. ஊரை ஏமாற்றுபவர்களைத் தோலுரித்துக் காட்டும் வேடம் அது. அதாவது, வில்லனாகப் பார்த்துப் பழகிய முகத்தை நியாயம் பேச வைத்தால் எப்படி இருக்கும் என்பதை அந்தப் படம் காட்டியது. 1956-ல் 'மதுரை வீரன்' நரசப்பன், மறுபடியும் வில்லன்.

இங்கே ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. 1936-ல் இருந்து 1956 வரை தமிழ் சினிமா ரெண்டு மூணு தடவை தலைகீழாக மாறியது. பாடத் தெரிந்தால்தான் ஹீரோ என்ற காலம் போனது. பாகவதர் காலம் முடிஞ்சது. அடுக்குமொழி வசனம் வந்தது. சிவாஜி, எம்.ஜி.ஆர் என்று புதிய நட்சத்திரங்கள் வந்தார்கள். நாடகக் கம்பெனியில் இருந்து வந்த எத்தனையோ பேர் இந்த மாற்றத்தில் காணாமல் போய்விட்டார்கள். பாலையா மட்டும் ஒவ்வொரு தடவையும் வேற ஆளாக நின்றார். 'தூக்குத் தூக்கி'யில் வட இந்தியத் தமிழ் பேசும் சேட், 'பாகப்பிரிவினை'யில் தம்பியோடு சொத்தைப் பிரிக்க நேரும் அண்ணன். வில்லன் முத்திரையை அவர் ஒரே நாளில் கழற்றவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழற்றினார்.

மிரட்டின முகம் பயந்தா...

'காதலிக்க நேரமில்லை'யில் அவர் எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன். மூணு பிள்ளைகள். ரெண்டு மகள்களுக்கும் பணக்கார மாப்பிள்ளை வேணும். மகன் செல்லப்பாவோ 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று கையில் காசே இல்லாமல் சினிமாக் கம்பெனி வைத்திருப்பவன். அப்பாவிடம் பணம் கறக்கத்தான் அந்தப் பேய்க்கதை.

அந்த சீனில் பேசுறது முழுக்க நாகேஷ். பாலையா கிட்டத்தட்ட சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஆனா இன்னொரு தடவை நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பாருங்க. முதலில் அலட்சியம். அப்புறம் லேசா ஆர்வம். அப்புறம் பயம், அந்தப் பயத்தை மகனிடம் காட்டக்கூடாது என்ற வீம்பு, கடைசியில் வீம்பும் போய் வெறும் பயம். வருஷக்கணக்கில் அடுத்தவர்களை மிரட்டிய முகம் நடுங்குவதால்தான் சிரிப்பு இரண்டு மடங்கு. சாதுவான ஒரு நடிகர் அங்கே உட்கார்ந்திருந்தால் இந்த அளவுக்கு எடுபட்டிருக்காது என்பது என் கணக்கு.

இன்னொரு சீன். வேலையை விட்டுத் துரத்தின அசோக், பெரிய பணக்காரரின் மகன் என்று தெரிந்ததும் விஸ்வநாதன் மாறுவது. பையன் பெயரோடு திடீரென மரியாதை விகுதி ஒட்டிக்கொள்ளும். பெயரோடு நின்றால் பரவாயில்லை, மகன் என்ற சொல்லுக்கே அந்த 'ர்' வந்துவிடும்! தமிழ் இலக்கணம் படிச்சவங்களுக்கு இதில் கூடுதல் சந்தோஷம். பணத்தைக் கண்டால் மனுஷன் எப்படிக் குழைவான் என்பதை ஒற்றை எழுத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

இதே கதையை 1966-ல் 'பியார் கியே ஜா' என்று ஹிந்தியில் ஸ்ரீதரே எடுத்தார். பாலையா வேடத்தில் ஓம் பிரகாஷ், நாகேஷ் வேடத்தில் மெஹ்மூத். மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. பேய்க்கதையில் பேசுறவருக்குத்தான் விருது, கேட்கிறவருக்கு இல்லை. தமிழிலும் பேர் அப்படித்தான் பிரிந்தது.

அதுக்கப்புறம் வந்த எட்டு வருஷம்

1965-ல் 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதர். பாடியது பாலமுரளிகிருஷ்ணா. ஆனா திரையில் பார்க்கும்போது அந்தக் கர்வம், அந்தத் தலையசைப்பு எல்லாம் பாலையாவுடையது. தோற்றுப்போகும் இடத்திலும் அந்தப் பாடகர் மேல் நமக்குக் கோபம் வராது. 1967-ல் பாலசந்தரின் 'பாமா விஜயம்', மேஜர் சுந்தர்ராஜன், முத்துராமன், நாகேஷ் மூவருக்கும் அப்பா. அதே வருஷம் ஸ்ரீதரோடு மறுபடியும் 'ஊட்டி வரை உறவு', அதில் சிவாஜிக்கு அப்பா. 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' தவில் வித்வான் முத்துராக்கு.

1972 ஜூலை 22-ம் தேதி பாலையா காலமானார். 58 வயது நிறைய ஒரு மாசம் பாக்கி இருந்தது. 'கரகாட்டக்காரன்' உள்ளிட்ட படங்களில் நீங்க பார்த்திருக்கும் ஜூனியர் பாலையா அவருடைய மகன். 2023 நவம்பரில் அவரும் காலமானார்.