காய்ச்சலின் காரணம் தேடிய அலிஸ் எவன்ஸ்

வைத்தியசாலை விடுதிகளில் வைத்தியரின் பொறுமையைப் பெரிதும் சோதிப்பது காரணம் புலப்படாத நீண்டநாட் காய்ச்சலாகும். 1961இல் அமெரிக்க வைத்தியர்களான பீட்டர்ஸ்டோர்ஃபும் பீசனும் அதற்கு ஓர் எல்லை வகுத்தனர். 38.3 பாகை செல்சியஸுக்கு மேல் மூன்று வாரங்களுக்குக் கூடுதலாகத் தொடர்ந்து, ஒரு வாரம் வைத்தியசாலையில் வைத்து ஆராய்ந்தும் காரணம் தெரியவராத காய்ச்சல் என்பதே அது. கசநோய், இருதய வால்வுகளில் கிருமித்தொற்று, புற்றுநோய், மூட்டுவாதம் என அதன் பின்னே பல நோய்கள் ஒளிந்திருக்கக்கூடும். இந்த எல்லை வகுக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே அத்தகைய காய்ச்சல் ஒன்றின் மூலத்தைக் கண்டுபிடித்து, அதே காய்ச்சலால் தானும் வருந்திய ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எமது கல்லூரியின் பழைய மாணவிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

அலிஸ் கத்தரின் எவன்ஸ் 1881 ஜனவரி 29ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நீத் என்னும் கிராமத்தில் பிறந்தார். வேல்ஸ் நாட்டு வழிவந்த கமக்காரக் குடும்பம் அது. படித்த பெண்ணுக்கு ஆசிரியத் தொழிலைவிட வேறு வழிகள் அதிகம் இல்லாத காலம். நான்கு ஆண்டுகள் சிறுபிள்ளைகளுக்குக் கற்பித்தார். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகம் கிராமத்து ஆசிரியர்களுக்கு இலவசமாக நடத்திய இயற்கைக் கல்விப் பாடநெறியில் சேர்ந்தார். அங்கே விஞ்ஞானத்தில் பற்று உண்டாயிற்று. 1909இல் பக்டீரியாவியலில் பட்டமும், புலமைப்பரிசில் பெற்று விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 1910இல் முதுமாணிப் பட்டமும் பெற்றார். கலாநிதிப் பட்டத்துக்கு அவர் படிக்கவில்லை. பின்னாளில் அதுவே அவருக்கு எதிராகப் பேசப்படும் குறையாயிற்று.

அரசாங்க விவசாயத் திணைக்களத்தின் பாற்பண்ணைப் பிரிவில் வேலை கிடைத்தது. 1913இல் வொஷிங்டனுக்கு மாற்றப்பட்டபோது, அப்பிரிவில் நிரந்தர நியமனம் பெற்ற முதலாவது பெண் விஞ்ஞானியாக அவர் இருந்தார். கறந்த பாலில் காணப்படும் பக்டீரியாக்களை ஆராய்வது அவரது பணி.

இங்கே சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாத் தீவில் ஆங்கிலேயப் படைவீரர்கள் விட்டுவிட்டு வரும் காய்ச்சலால் மாதக்கணக்கில் கிடந்தனர். இரவு வியர்வையும் மூட்டு நோவும் அவர்களை வாட்டின. 1887இல் டேவிட் புரூஸ் இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து அக்கிருமியைப் பிரித்தெடுத்தார். 1905இல் மால்டா நாட்டு வைத்தியர் தெமிஸ்டக்கிள்ஸ் சாமிற் அது ஆடுகளின் உடலில் வாழ்வதைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் கொடுப்பது நிறுத்தப்பட்டதும் காய்ச்சல் சட்டென வீழ்ந்தது. இதனிடையே 1897இல் டென்மார்க்கில் பேர்னாட் பாங், பசுக்களின் கருவைச் சிதைக்கும் கிருமி ஒன்றைக் கண்டிருந்தார். ஒன்று மனிதர் நோய், மற்றது மாட்டு நோய். ஒன்றை உருண்டைக் கிருமி என்றும் மற்றதைக் கோல்வடிவக் கிருமி என்றும் வகைப்படுத்தி வைத்திருந்தமையால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

அலிஸ் பார்த்தார். இரண்டையும் ஒரே விதமாக வளர்த்து, ஒரே நுணுக்குக்காட்டியின் கீழ் ஒப்பிட்டார். இரண்டும் கோல்வடிவமே. குருதிச் சோதனையிலும் இரண்டையும் எளிதாக வேறுபடுத்த முடியவில்லை. அக்கிருமி நோயற்றதாகத் தோன்றும் பசுவின் பாலிலும் இருந்தது. அப்படியானால் காய்ச்சாத பசுப்பாலைக் குடிப்பவருக்கும் மால்டாக் காய்ச்சல் போன்ற நோய் வரலாமல்லவா? 1917இல் அமெரிக்கப் பக்டீரியாவியலாளர் சங்கத்தில் இதை எடுத்துரைத்தார். 1918இல் கட்டுரையாக வெளியிட்டார்.

எவரும் நம்பவில்லை. அது உண்மையானால் பேரறிஞர்கள் எவரேனும் முன்னரே கண்டிருக்க மாட்டார்களா என்று கேட்டனர். தியோபோல்ட் ஸ்மித் போன்ற பெரியவரும் எதிர்த்தார். பாற்பண்ணைக்காரரும் விரும்பவில்லை. ஆயினும் 1920இல் கலிபோர்னியாவில் கார்ல் மேயர் குழுவினர் அவரது முடிவை உறுதிசெய்து, புரூஸின் பெயரால் அக்கிருமி இனத்துக்கு புருசெல்லா எனப் பெயரிட முன்மொழிந்தனர். தேடத் தொடங்கியதும் பல நாடுகளில் இந்நோயாளர் வெளிப்பட்டனர். நெருப்புக்காய்ச்சல், மலேரியா, கசநோய் என்று தவறாக எண்ணப்பட்டவர்கள் அவர்களிடையே இருந்தனர்.

1922இல் ஆய்வுகூடத்தில் அலிஸுக்கே அக்கிருமி தொற்றியது. காய்ச்சல் வரும், போகும், ஓயாத களைப்பு. வைத்தியர்கள் நோய்க்குறி எதையும் காணாமல், நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிவிட்டனர். இல்லாத வருத்தத்தைச் சொல்பவராக அவர் ஆண்டுக்கணக்கில் கருதப்பட்டார். 1928இல் வேறொரு காரணத்துக்காகச் சத்திரசிகிச்சை செய்தபோது உள்ளே புண்கள் காணப்பட்டன. அவற்றிலிருந்து அதே கிருமி வளர்த்தெடுக்கப்பட்டது. அவரது சொல் மெய்யென்று நிரூபணமாயிற்று. நோயோ மேலும் பல ஆண்டுகள் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

அதே 1928இல், தன்னை நம்ப மறுத்த சங்கத்தின் முதலாவது பெண் தலைவராக அவர் விளங்கினார். 1930களில் அமெரிக்காவில் பாலைப் பாஸ்டர் முறையில் சூடாக்கி விற்கும் விதிகள் பரவலாயின. 1945இல் ஓய்வு பெற்றபின் பெண்களுக்கு விஞ்ஞானத் தொழில்கள் பற்றி உரையாற்றி வந்தார். 1975 செப்டெம்பர் 5ஆம் திகதி, 94ஆவது வயதில் காலமானார்.

இன்று எம்மிடம் ஸ்கான் கருவிகளும் குருதி வளர்ப்புச் சோதனைகளும் உண்டு. ஆனாலும் நீண்ட காய்ச்சலோடு வருபவரிடம் முதலில் செய்யவேண்டியது கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து கேட்பதுதான். என்ன வேலை, வீட்டில் ஆடுமாடு உண்டா, பால் காய்ச்சியா குடிப்பது, எங்கே பயணம் போனீர்கள், என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். விடை வராவிட்டால் மறுநாளும் கேட்க வேண்டும். புருசெல்லாவை அடையாளம் கண்டுவிட்டால் சில வார நுண்ணுயிர்க்கொல்லிச் சிகிச்சையால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். அடையாளம் காண்பதே கடினம்.

காரணம் அகப்படவில்லை என்பதற்கும் நோயே இல்லை என்பதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. அந்தத் தூரத்தில் அலிஸ் ஆறு ஆண்டுகள் தனித்து நின்றார். எமது வீடுகளிலும் அம்மாவோ மாமியோ மேல் காய்கிறது, அலுப்பாயிருக்கிறது என்றால், யோசனை கூடிப்போய்விட்டது என்று சொல்லிக் கடந்துபோகும் வழக்கம் உண்டு. உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும், தங்கைமாரே, அவ்வாறு கடந்துபோகாதீர்கள். ஒரு வெப்பமானியை எடுத்துக் காலையும் மாலையும் அளந்து, கொப்பி ஒன்றில் குறித்துக்கொண்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கொப்பி எமக்குப் பேருதவியாக இருக்கும்.