கற்களைப் பேசவைத்த காலடிகள்: இராபர்ட் புரூஸ் ஃபூட்

பழந்தமிழரைப் பற்றி வகுப்பறையில் நாம் நாள்தோறும் பேசுகின்றோம். ஆனால் நம் கல்லூரிக்குச் சில மணி நேரப் பயணத் தொலைவில், இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மாந்தர் வாழ்ந்த நிலம் ஒன்று இருப்பதை நம் மாணவர்களுள் பெரும்பாலோர் அறியார். திருவள்ளூர் மாவட்டத்துத் தொல்பழங்கால இடங்களைக் காண ஒருநாட் பயணம் மேற்கொள்ளலாம் என்று நம் துறையில் முடிவாயிற்று. அப்போது மாணவர் ஒருவர், தமிழ் படிக்கும் நமக்குக் கல்லைப் பார்க்க வேண்டிய தேவை என்னவென்று வினவினார். நியாயமான வினாவே. அதற்கு விடையாக, அக்கற்களை உலகுக்கு முதன்முதலில் அறிமுகம் செய்த ஒருவரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

இராபர்ட் புரூஸ் ஃபூட் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858 டிசம்பரில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிற் பணியேற்றுச் சென்னை மாகாணத்திற்கு வந்து சேர்ந்தார். நிலத்தின் அடுக்குகளை ஆராய்ந்து வரைபடம் எழுதுவதே அவருக்கு இடப்பட்ட பணி. பழைய மனிதனைத் தேடும்படி அவரை எவரும் பணிக்கவில்லை. எனினும் ஐரோப்பாவில் ஆற்றுச் சரளைப் படிவுகளிற் கிடைத்த கற்கருவிகள் மனித குலத்தின் மிகு பழமைக்குச் சான்றென அறிஞர்கள் 1859ஆம் ஆண்டளவில் ஏற்கத் தொடங்கியிருந்தனர். அச்செய்தி அவர் நெஞ்சிற் பதிந்திருந்தது. அங்கே கிடைப்பது இங்கேயும் கிடைக்கலாகாதோ என்னும் எண்ணத்தோடு அவர் நடந்தார்.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் படைவீரர் அணிவகுப்புத் திடலின் அருகே வெட்டப்பட்டிருந்த செம்மண் சரளைக் குழி ஒன்றை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கே ஒரு கல் அவர் கண்ணிற் பட்டது. இருபுறமும் செதுக்கப்பட்டுக் கையடக்கமாக உருப்பெற்றிருந்த அக்கல், இயற்கையாக உடைந்த கல் அன்று. மனிதன் ஒரு நோக்கத்தோடு ஆக்கிய கருவி என்பதை அவர் உணர்ந்தார். இந்தியாவிற் பழைய கற்காலம் ஒன்று இருந்தது என்பதை மெய்ப்பித்த முதற் சான்று அதுவே. அக்குழியினருகே எத்தனையோ பேர் நடந்திருப்பர். மண்ணை வெட்டியவர் கைகளிலும் அத்தகைய கற்கள் புரண்டிருக்கும். பார்த்தவர் பலர், கண்டவர் ஒருவர். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், உடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பாருடன் கொசஸ்தலையாற்றுப் படுகைக்கு அவர் சென்றார். அங்கே அத்திரம்பாக்கத்தின் ஓடைக் கரையில், குவார்ட்சைட் என்னும் கடுங்கல்லில் ஆக்கிய கருவிகள் மண்ணடுக்கோடு பொருந்திய நிலையிற் கிடைத்தன. பல்லாவரத்தில் தோன்றிய ஐயத்திற்கு இடமில்லாத விடை இங்குக் கிட்டியது. இக்கண்டுபிடிப்புகளை 1866இல் சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய அறிவியல் ஆய்விதழில் அவர் விரிவாக எழுதினார்.

தமிழ்த் துறையினராகிய நாம் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. ஃபூட் மணந்தது பீட்டர் பெர்சிவல் அவர்களின் மகளை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பிற் பணியாற்றியவரும், தினவர்த்தமானி இதழை நடத்தியவரும், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவரும் அந்தப் பெர்சிவல்தாம். மாமனார் மக்கள் நாவில் வழங்கிய பழமொழிகளைத் திரட்டினார். மருமகனார் மண்ணில் கிடந்த கருவிகளைத் திரட்டினார். இரண்டும் முன்னோர் விட்டுச் சென்ற செல்வங்களே.

ஃபூட் ஓய்வு பெற்றது 1891இல். அதுவரை தென்னாட்டின் பெரும்பகுதியை அவர் காலால் அளந்தார். பெல்லாரிப் பகுதியிற் புதிய கற்காலக் குடியிருப்புகளைக் கண்டார். கர்நூல்ப் பகுதிக் குகைகளை 1884இல் தம் மைந்தரோடு அகழ்ந்தார். ஓய்வுக்குப் பின்னரும் பரோடா, மைசூர் அரசுகளுக்காக உழைத்தார். ஏற்காட்டு மலையிற் குடியமர்ந்து, திரட்டிய பொருள்களை வகைப்படுத்தினார். அத்தொகுப்பு 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் காலமானார். அவருடைய அஸ்தி ஏற்காட்டுத் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. அவருடைய தொகுப்பின் விளக்கப் பட்டியல் அவர் மறைவுக்குப் பின்னரே நூலாக வெளிவந்தது.

அந்தப் பட்டியலிலேதான் அவருடைய பெருமை அடங்கியுள்ளது. ஒவ்வொரு கல்லும் எவ்வூரில், எத்தகைய நிலத்திற் கிடைத்தது என்பதை அவர் குறித்து வைத்தார். இடம் அறியப்பட்ட கல் சான்றாகும். இடம் இழந்த கல் வெறுங்கல்லாகும். அவர் காட்டிய அத்திரம்பாக்கத்திற்கு 1999 முதல் சாந்தி பப்பு அவர்களும் குமார் அகிலேஷ் அவர்களும் மீண்டும் சென்று அகழ முடிந்தது. அங்குக் கிடைத்த மிகத் தொன்மையான கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் அவர்கள் குழு அறிவித்தது. அதே இடத்தில் இடைக்கற்காலத்திற்கு முற்பட்ட நடுப் பழைய கற்காலக் கருவிமுறை ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டதென 2018இல் அக்குழு காட்டியது. மண்ணடுக்குக் கலையாது இருந்தமையாலன்றோ இது கைகூடிற்று!

இனி, நம் பயணத் திட்டத்திற்கு வருவோம். காலையில் திருவள்ளூரிலிருந்து பூண்டிக்குச் செல்வோம். அங்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கத்தின் அருகே, மாநிலத் தொல்லியல் துறை 1985இல் அமைத்த தொல்பழங்கால அகழ்வைப்பகம் உள்ளது. கருவிகளின் வகைகளை முதலில் அங்கு அறிந்துகொண்டு, அதன் பின்னரே அத்திரம்பாக்கம் செல்லுதல் முறை. குடியம் குகைகளுக்குப் புதர்க்காட்டினூடே நடந்து செல்ல வேண்டும். ஆகவே வனத்துறையின் இசைவும், குடிநீரும், வழியறிந்த ஊரார் ஒருவரின் துணையும் தேவை.

மற்றொரு நாளில், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து அமிர்தமங்கலத்தைக் காணலாம். அங்கே 1950களின் நடுவில் நடந்த அகழாய்வில் பெருங்கற்கால ஈமத் தாழிகள் வெளிப்பட்டன. ஃபூட் கைக்கோடரி கண்ட பல்லாவரத்திலும் பிற்காலத்தில் அலெக்சாண்டர் ரீ என்பார் சுடுமண் ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். கைக்கோடரியும் தாழியும் ஒரே காலத்தவை அல்ல. இரண்டிற்கும் இடையே எண்ணிலா ஊழிகள் உள்ளன. ஆயினும் தாழியின் முன் நிற்கும் தமிழ் மாணவருக்குப் புறநானூறு நினைவுக்கு வராமற் போகாது. இறந்த மன்னனை இடுதற்குரிய தாழியை எவ்வாறு வனைவாய் என்று குயவனிடம் கேட்கும் பாடலும், கணவனுடன் தனக்கும் இடம் தரும் அகன்ற தாழியை வேண்டும் பெண்ணின் பாடலும் அந்நூலில் உள்ளன. தமிழ் படிப்போர் கல்லையும் மண்ணையும் ஏன் காண வேண்டும் என்ற வினாவுக்கு இதுவே நம் விடை.

பயண ஏற்பாட்டிற்காக நாம் முன்கூட்டிச் சென்றபோது, செம்மண் சரளை ஏற்றிய லாரிகள் அடுத்தடுத்து எதிர்ப்பட்டன. ஆலைகள் எழுவதற்கும் சாலைகள் அமைவதற்கும் சரளை வேண்டும். அவ்வாலைகளால் நம் மாணவர் பலரின் இல்லங்களில் அடுப்பெரிகின்றது என்பதையும் நாம் மறவோம். ஃபூட்டுக்குக் கைக்கோடரியைக் காட்டியதும் சரளைக்காக வெட்டிய குழியே அன்றோ? ஆனால் அக்குழியருகே அன்று ஒருவர் குனிந்து பார்த்தார். இன்று பொறி சில மணி நேரத்தில் அள்ளிவிடும் மண்ணை எவர் குனிந்து பார்க்கின்றார்? பார்ப்பவர் இல்லாவிடில், பதினைந்து இலட்சம் ஆண்டுகள் காத்திருந்த சான்று ஒரே பகலிற் சாலைக்கு அடியிற் போய்விடும்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, இப்பயணத்தில் உங்களிடம் நாம் வேண்டுவன மூன்று. நினைவுப் பொருளென்று ஒரு கல்லையும் எடுத்து வராதீர்கள். கண்டதைக் கண்ட இடத்தோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். உங்கள் ஊரில் மண் வெட்டுமிடத்தில் தாழியோ செதுக்கிய கல்லோ தென்பட்டால், கைவைக்காமல் ஆசிரியருக்கோ வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். ஊர்ப் பெரியோர்களும் இதற்குத் துணைநிற்க வேண்டுகின்றோம்.

கடல் கடந்து வந்த ஒருவர், தமக்கு இடப்படாத பணியைத் தாமே மேற்கொண்டு, நம் மண்ணின் பழமையை நமக்கு உணர்த்திச் சென்றார். அந்த மண்ணிலேயே பிறந்த நாம், அவர் குறித்து வைத்த இடங்களையேனும் காத்து நிற்போமாக.